சாப்பிட்டுக்கொண்டே ஒரு விரதம்

போன மாதம் என்னை எடை மெஷினில் ஏற்றிவிட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். மறுபடியும் குறைந்திருந்தது.

"இன்னும் குறைஞ்சா அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்."

தள்ளிப்போடுவதா? அதுவரை என் புற்றுநோய் லீவு போட்டுவிட்டுக் காத்திருக்குமா? எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

ஆனால் சாப்பாடு? எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவதுபோல் இருக்கிறது. சாம்பார் தாளிக்கும் வாசனை வந்தாலே பால்கனிக்கு ஓடுகிறேன். இங்கே புனேயில், ஆகுர்டி ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வரும் கணவர், தட்டு நிறையச் சோறு போட்டு, "எனக்காக ரெண்டு வாய்..." என்று கெஞ்சுவார். அவருக்காகச் சாப்பிட்டு, எனக்காக வாந்தி எடுப்பேன்.

இந்த லட்சணத்தில் திருநெல்வேலியிலிருந்து நாத்தனார் போன்.

"மதினி, ஒங்களுக்காகச் செவ்வாக்கெழம வெரதம் இருக்கேன். நீங்களும் ஒரு நேரம் இருந்தா விசேஷம்."

நான்தான் தினமும் இருக்கிறேனே!

அன்று சாயங்காலம் கீழ் ஃப்ளாட் வைஷாலி என்னைப் பார்க்க வந்தாள். பேங்க் வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். "தப்பா நினைக்காதீங்க அக்கா, இன்னிக்கு சதுர்த்தி, உப்வாஸ்" என்று தன் விரதத்தை இந்தியில் சொல்லிக்கொண்டே... டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்!

நம் ஊரில் விரதம் என்றால் பச்சைத் தண்ணீரும் வாடிய முகமும். புனேயில் விரதம் என்றால் ஜவ்வரிசிக் கிச்சடி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, தயிர், பேரீச்சை, நடுநடுவே டீ. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க வாய் அசைந்துகொண்டே இருக்கும். இதை நான் செய்யாத கேலியா?

ஆனால் அவள் டப்பாவில் இருந்த கிச்சடியில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, மசாலா இல்லை. வெறும் நெய், சீரகம். வயிறு புரளவில்லை.

"எனக்கு ஒரு ஸ்பூன் கொடு" என்றேன். வைஷாலி முழித்தாள்.

ஒரு ஸ்பூன் மூன்றானது. மூன்றும் உள்ளேயே தங்கின.

மறுநாள் ஆஸ்பத்திரி டயட்டீஷியனுக்குப் போன் போட்டேன். "தாராளமா சாப்பிடுங்க. ஆனா ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்துதான். தயிர், கடலை, நல்லா வெந்த முட்டை சேர்த்துக்கணும். ஒவ்வொரு தடவையும் புதுசா சமைக்கணும்" என்றார்.

ஆக, என் விரதத்தில் முட்டை உண்டு. சாமிக்கு ஆட்சேபம் இருந்தால் டயட்டீஷியனிடம் பேசிக்கொள்ளட்டும்.

தட்டுக்கு விடை கொடுத்தேன். இனி சின்னக் கிண்ணம்தான், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். பசி வரட்டும் என்று காத்திருந்ததுதான் நான் செய்த முட்டாள்தனம். மாத்திரையை வயிற்றைக் கேட்டா போடுகிறோம்? மணி பார்த்துத்தானே? இந்த நேரத்தில் சாப்பாடும் அப்படித்தான்.

எல்லா நாளும் ஜெயித்தேன் என்று கதைவிட மாட்டேன். சில நாள் எல்லாம் வெளியே வந்துவிடும். வாய் கொப்பளித்து, கொஞ்ச நேரம் படுத்துவிட்டு, மறுபடி கிண்ணத்தின் முன்னால் உட்காருவேன். அழுதுகொண்டே விழுங்கியதும் உண்டு. ஆனால் விழுங்கினேன்.

இந்த வாரம் மறுபடி எடை மெஷின். ஏறவில்லை... குறையவும் இல்லை! டாக்டர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் புரட்டிவிட்டு, "நாளைக்கே கீமோ" என்றார். ஊசி குத்தப் போகிறார்கள் என்பதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

வெளியே வந்ததும் கணவர் கேட்டார்.

"பசிக்குதா?"

"இல்லைங்க. வாங்க, சாப்பிடலாம்."