பாஞ்சாலை பிடித்த விரால்

மீன் பிடிக்கிறவர்களில் மீன் வாசனையே ஆகாத ஒரே ஆள் எங்கள் பாஞ்சாலை அக்காவாகத்தான் இருக்க வேண்டும். குழம்பு கொதிக்கும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூங்கில் கழியையும் மண்புழு டப்பாவையும் எடுத்துக்கொண்டு மண்ணெடுத்த குட்டைக்குக் கிளம்பிவிடுவாள். மழையாவது, பனியாவது, எதுவும் அவளை நிறுத்தியதில்லை.

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளுக்காகக் களிமண் தோண்டித் தோண்டிப் பள்ளமான இடம் அது. பெயர்தான் குட்டை. ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் அக்கரையில் நிற்கிற ஆள் யாரென்று தெரியாது. வாய்க்கால் கிடையாது, மதகு கிடையாது. விழுந்த தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும்.

நானும் அக்காவும் ஒரே கம்பெனியில்தான் வேலை செய்கிறோம். கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் குமிழ்களைச் சூளைக்குள் அடுக்குவதற்கு முன் ஈரத்துணியால் பிசிறு துடைப்பது எங்கள் வேலை. அவள் வீட்டுக்காரர் அர்ச்சுனன் மாமாவும் அங்கே கல் அரைக்கிற இடத்தில் இருந்தவர்தான். பாஞ்சாலைக்கு அர்ச்சுனன் என்று பெயரைப் பார்த்தே முடித்துவைத்த கல்யாணம் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அரைத்த தூளெல்லாம் நெஞ்சில் போய்ப் படிந்துவிட்டது. இப்போது தெருமுனை வரைக்கும்கூட அவரால் நடக்க முடியாது. நான்கு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்க வேண்டும்.

அந்த நான்கு வார்த்தையையும் அவளிடம்தான் பேச வேண்டும் அவருக்கு. அவள் வேலைக்குப் போனால் கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். வந்துவிட்டாளானால் விடமாட்டார். அவள் குளித்தால் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசுவார். அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே போவார். ராத்திரி அவள் புரண்டு படுத்தால் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. பார்க்கிறவர்கள் எல்லாரும் கொடுத்துவைத்தவள் என்பார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவருக்கு மீன் குழம்பு என்றால் உயிர். அதை வைத்துத்தான் அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். “மார்க்கெட்டு மீனு ஐஸுல கெடந்ததுங்க, ஒங்க நெஞ்சுக்கு ஆவாது. நான் போயி புதுசா புடிச்சாறேன்” என்று அவரை நம்பவைத்துவிட்டாள். வாரத்தில் ஒரு காலைப் பொழுது அவளுக்குக் கிடைத்தது. குட்டைக்கரையில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் நான் இருந்தாலும் பேசமாட்டாள். யாரும் கூப்பிடாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. மீன் மாட்டினால் வீட்டுக்கு ஆகும். மாட்டாவிட்டால் அவளுக்கு இன்னும் சந்தோஷம், கூடக் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

இந்த வருஷம் மங்கலம்பேட்டை ஜப்பார் பாய் குட்டையைக் குத்தகைக்கு எடுத்தார். மலேசியாவில் நெடுங்காலம் ஹோட்டல் வைத்திருந்தவர். மீன்குஞ்சு வாங்கி விட்டார், சுற்றிலும் முள்கம்பி போட்டார், தூண்டில் போடக் கூடாது என்று போர்டும் வைத்தார். அக்கா இரண்டு ஞாயிறு அந்தப் போர்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள். மணிமுத்தாறு வருஷத்தில் பாதிநாள் வெறும் மணல். வேறெங்கே போவாள்?

கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் முணுமுணுக்கவே, பாய் மலேசியாவில் பார்த்த மாதிரி ஒரு தூண்டில் போட்டி வைப்பதாகச் சொன்னார். மார்கழி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போட்டி. ஜெயிக்கிற ஒரே ஒருவருக்கு வருஷம் முழுக்கத் தூண்டில் போட அனுமதி. அக்காதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அந்த வாரம் முழுக்கப் பிசிறு துடைக்கிற கைகூட வேறு மாதிரி போயிற்று. “எப்டியாவது ஜெயிச்சிடணும் வளரு. இல்லன்னா நான் அந்த வூட்டுக்குள்ளயே கெடந்து செத்துருவேன்” என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாள் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு நல்ல பனி. தண்ணீரே தெரியவில்லை. கம்பெனி கழித்துப்போட்ட பீங்கான் குமிழ்களில் நம்பர் எழுதிச் சாக்கில் போட்டிருந்தார்கள். கைவிட்டு எடுக்கிற நம்பர்தான் உட்காருகிற இடம். குமிழைக் காலடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்குக் கருவேல நிழலில் ஓர் இடம் வந்தது. வெயில் ஏறாத இடத்தில் தண்ணீர் சில்லென்று கிடக்கும், மீன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

பாய் மைக்கில் விதிகளைச் சொன்னார். விசில் ஊதுகிற வரைக்கும் யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் ஆட்டம் போச்சு. பிடித்த மீனைக் கொடுத்திருக்கிற வலைப்பையில் போட்டுத் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். கடைசியில் எடை போட்டுவிட்டுத் திரும்பக் குட்டையிலேயே விட்டுவிடுவோம். “உயிரோட இருக்குற மீனுக்குத்தான் எடை. செத்த மீனு கணக்குல வராது” என்று இரண்டு தடவை சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், அக்காவும் ஆட்டினாள்.

அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் அவள் ஒருத்திதான் பொம்பளை. எழுந்திருக்கக் கூடாது என்று விதி போட்டவர்களுக்குப் பொம்பளைக்கு என்னென்ன அவசரம் வரும் என்று எங்கே தெரியும்? முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் அவள் செல்போனை வைத்துக்கொண்டு நின்றேன்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“வளர்மதி, டீ குடிச்சாளா அவ?” என்று கேட்டுவிட்டு மாமா மூச்சு வாங்கினார்.

“குடிச்சிட்டாங்க மாமா” என்று புளுகினேன்.

“குளுருதே. ஸ்வெட்டரு போட்டிருக்காளா?”

“போட்டிருக்காங்க.”

“எப்ப முடியுமாம்?”

வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடிக்கும். வெயில் வந்துடுச்சா, தலைய மூடிக்கச் சொல்லு. பாம்பு கீம்பு இருக்கப் போவுது, பாத்துக் குந்தச் சொல்லு. அவளாவது தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் பொறுமை போயிற்று. போனைக் குட்டையில் எறிந்துவிடலாமா என்றிருந்தது.

வெகுநேரம் ஒரு தக்கையும் அசையவில்லை. பனி விலகிய பிறகு எதிர்க்கரையில் சிங்காரவேலுக்கு முதலில் மாட்டியது. செல்போன் கடை வைத்திருக்கிற பையன், ஆன்லைனில் வாங்கிய சக்கரத் தூண்டிலும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்திருந்தான். ரோகு ஒன்றை இழுத்துப்போட்டுப் போட்டோவும் எடுத்துக்கொண்டான். அப்புறம் இன்னொன்று. அக்கா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வெயில் உச்சிக்கு ஏறுகிற சமயத்தில்தான் அவள் தக்கை மெல்ல அமுங்கியது. உள்ளங்கை அகலக் கெண்டை. வலைப்பையில் போட்டாள். பின்னாலேயே இன்னொன்று, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அவள் பை கனத்துக்கொண்டே வந்தது. போட்டி இந்தப் பொம்பளைக்கும் அந்தப் பையனுக்கும்தான் என்று கூட்டம் பேச ஆரம்பித்தது. பையைக் கையால் தூக்கிப் பார்த்துச் சொல்கிறவர்கள், அவன் பைதான் இன்னும் கொஞ்சம் கனம் என்றார்கள்.

விசில் ஊதப் போகிற நேரம். அவள் தக்கை சட்டென்று சாய்ந்து காணாமல் போயிற்று. மூங்கில் கழி வளைந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுத்தாள். கறுத்து நீண்ட விரால் ஒன்று கரையில் வந்து விழுந்தது. என் முழங்கை நீளத்துக்குக் குறையாது. கூட்டமே கத்தியது. நானும் கத்தினேன், ஜெயிச்சாச்சு என்று.

விராலைப் பிடித்தவர்களுக்குத் தெரியும். கரையில் போட்டாலும் அது பிடிபட்ட மீன் ஆகாது. புல்லில் பாம்பு மாதிரி நெளிந்து திரும்பத் தண்ணீருக்கே போய்விடும். அதனால் எங்கள் பக்கத்தில் விரால் கரைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தலையில் ஒரு போடு போடுவார்கள். நினைத்துச் செய்கிற காரியம் இல்லை. வருஷக்கணக்காகச் செய்து கைக்கே பழகிப்போனது. விரால் நெளிந்தது, தண்ணீர் ஓரம் வரைக்கும் போய்விட்டது. அக்கா முழங்காலால் அதை அமுக்கினாள். காலடியில் இருந்த பீங்கான் குமிழைக் கை எடுத்தது.

“யக்கா, வேணாம்!” என்று நான் அலறுவதற்குள் அடித்துவிட்டாள்.

ஒரே அடிதான். எவ்வளவு சுத்தமாக அடிப்பாள் என்று எனக்குத் தெரியும். கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று. அவள் குமிழைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. விராலை இரண்டு கையாலும் அள்ளித் தண்ணீருக்குள் வைத்து, முன்னும் பின்னுமாக ஆட்ட ஆரம்பித்தாள். செவுளுக்குள் தண்ணீர் போனால் பிழைத்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. “எழுந்துருடி, எழுந்துருடி தாயீ” என்று அதனிடம் கெஞ்சினாள். விடும்போதெல்லாம் அது வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மறுபடி பிடித்து ஆட்டினாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. விசில் ஊதியதையும் அவள் கேட்கவில்லை.

பாய் வந்து குனிந்து பார்த்தார்.

“வாலு அசையிது பாய், பாருங்க.”

“தண்ணி அசையிது ம்மா” என்றார் அவர். அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது. “ஒங்களுக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணுன்னு நான் ரூல்ஸ மாத்த முடியாது. கோவிச்சுக்காதீங்க. இந்த மீன வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.”

“நானா இருந்தாலும் இதத்தான்யா செஞ்சிருப்பேன்” என்று பின்னால் யாரோ ஒரு பெரியவர் சொன்னார். இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். சொல்லி என்ன? சிங்காரவேல் அனுமதி அட்டையை வாங்கி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் போட்டோவுக்கு நின்றான். அவன்மேல் தப்பு இல்லைதான், ஆனாலும் அன்றைக்கு எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

அக்காவால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துவிட்டது. என் தோளைப் பிடித்து எழுந்து, ஒரு புதர் மறைவுக்குப் போய்விட்டு வந்தாள். விராலைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

சேதியைச் சொன்னதும் மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “போவுது வுடு. குளுர்ல போயி குந்திக்கிட்டு, எனக்காக எம்மாம் கஷ்டம் ஒனக்கு” என்றார். விராலைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. அவள் உடனே உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, துண்டு போட்டு, குழம்பு வைத்தாள். என்னையும் சாப்பிடச் சொல்லி நிறுத்திவைத்தார் மாமா.

அவர் ரசித்துச் சாப்பிட்டார். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். “ஒண்ணு சொல்லட்டுமா பாஞ்சால? நீ தோத்தது நல்லதுதான். எனக்கு இனிமே மீனே வேணாம். ஞாயித்துக்கெழம பூரா நீ என் கூடவே இரு. அது போதும் எனக்கு.” அப்படிச் சொல்லிவிட்டு, முள்ளில்லாத துண்டாகப் பார்த்துப் பிரித்து அவள் வாய்க்கு நேரே நீட்டினார். இத்தனை வருஷத்தில் அவளுக்கு மீன் ஆகாது என்பது அவருக்குத் தெரியவே இல்லை. அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மென்று விழுங்கினாள்.

என்னை வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, முகத்தில்தான் இரத்தமே இல்லை. நான் வாய்க்கு வந்தபடி மாமாவைத் திட்டினேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

“திட்டாத வளரு. அடிக்கிறவரா, குடிக்கிறவரா இருந்தா எப்பவோ வுட்டுட்டுப் போயிருப்பேன். பாசமால்ல இருக்காரு. நான் எங்கடி போறது?”