மோட்டார் சாவியும் அமெரிக்கத் தேர்தலும்

என் மூத்த மகள் அமெரிக்கத் தேர்தலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அமெரிக்காவில் இருந்துகொண்டு அல்ல. கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில், அரிசி மூட்டைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போட்ட மேஜையில். நான் பத்தாவதோடு படிப்பை விட்டு, மார்க்கெட் ஓரத்தில் இட்லிக் கடை வைத்தவன். அவள் எனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாமல் போகாது.

அங்கே தேர்தலுக்கு முன்னால் இன்னொரு தேர்தல் உண்டு. நம் நாட்டில் ஒரு கட்சி யாரை நிறுத்துவது என்பதைத் தலைவர்கள் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அங்கே அதற்கும் மக்கள் ஓட்டுப் போட வேண்டும். ஒரே கட்சியைச் சேர்ந்த நாலைந்து பேர் தங்களுக்குள் மோதி, அதில் ஜெயித்தவர்தான் எதிர்க்கட்சியோடு மோதப் போகலாம். இந்த முதல் மோதலுக்குப் பெயர் பிரைமரி. இதற்கும் போஸ்டர், விளம்பரம், கூட்டம் என்று ஏகப்பட்ட செலவு. அந்தப் பணத்தை யார் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார் என்பதுதான் மகளின் ஆராய்ச்சி.

யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது கம்ப்யூட்டரில் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கிறதாம். அதனால் அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊரில் இருக்கும் பல் டாக்டர் யாருக்கு நன்கொடை கொடுத்தார் என்று என் மகளுக்குத் தெரியும். எங்கள் எதிர் வீட்டில் யார் இருக்கிறார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பாள். அந்தப் பல் டாக்டர்தான் அவளைத் தூங்கவிடாமல் செய்தவர். ஒரே பிரைமரியில், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்ட இரண்டு பேருக்கும் அவர் பணம் கொடுத்திருந்தார். ஏன் கொடுத்தார் என்று மகளுக்குப் புரியவில்லை. "அந்தப் பல் டாக்டர் விஷயம் என்னாச்சு?" என்று என் மனைவி, சொந்தக்காரரை விசாரிப்பது போல தினமும் விசாரிப்பாள்.

எனக்கு வேறு கவலை. எங்கள் கட்டடத்தில் ஒன்பது வீடுகள். ஐந்து தமிழர் வீடு, நான்கு வங்காளி வீடு. தரைக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு மோட்டார். அதன் சுவிட்ச் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் சாவி செக்ரட்டரி வீட்டில் இருக்கும். செக்ரட்டரி, தரைத்தளத்தில் குடியிருக்கும் தாதா. பயந்துவிடாதீர்கள். வங்காளத்தில் அண்ணனைத்தான் தாதா என்பார்கள். அண்ணியை பௌதி என்பார்கள்.

தாதா ஆறு மணிக்குத்தான் மோட்டார் போடுவார். எனக்கோ ஆறரைக்குக் கடையில் இட்லி ஆவி பறக்க வேண்டும். மேல்தொட்டி இரவே காலியாகிவிடும். ஆகவே நாலரை மணிக்குத் தெருமுனை அடிபம்பில் தண்ணீர் அடித்து, இரண்டு கையிலும் வாளியோடு மூன்று மாடி ஏறுவேன். சில நாள் முடியாமல் தாதா வீட்டுக் கதவைத் தட்டிவிடுவேன். மற்றவர்களும் ஐந்து மணியிலிருந்து ஆளுக்கொரு தரம் தட்டுவார்கள். திறப்பது பௌதிதான். தாதாவின் தூக்கம் இடி விழுந்தாலும் கலையாத தூக்கம். "தாதா தூங்குகிறார்" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு, பௌதி கண்ணை மூடியபடியே கதவையும் மூடுவார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாலரை மணிக்கு மோட்டார். அதற்கு நான் செக்ரட்டரி ஆக வேண்டும்.

சரஸ்வதி பூஜை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியில், வீட்டுக்கு ஓர் ஓட்டு என்று எங்கள் தேர்தல் நடக்கும். போன தடவை நானும் நின்றேன், இரண்டாம் மாடி மாமாவும் நின்றார். மாமா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தஞ்சாவூர்ப் பக்கம். அவருக்கு மோட்டாரைப் பற்றிக் கவலை இல்லை. வேலைக் காலமெல்லாம் இருட்டிலேயே எழுந்து அலுத்துப்போய், இனி ஏழு மணிக்கு முன்னால் கண் விழிப்பதில்லை என்று சபதம் செய்தவர். வாசலில் 'செக்ரட்டரி' என்று போர்டு மாட்டும் ஆசை மட்டும் இருந்தது. தமிழ் ஓட்டுகள் மூன்றும் இரண்டுமாக உடைந்தன. தாதா நான்கு ஓட்டில் ஜெயித்தார்.

"அமெரிக்கால இதுக்குத்தான் அப்பா பிரைமரி வைக்கிறாங்க" என்றாள் மகள். "முதல்ல அஞ்சு வீடும் உங்களுக்குள்ள ஒருத்தரை முடிவு பண்ணுங்க. அப்புறம் அஞ்சு ஓட்டும் அவருக்கே. அஞ்சு, நாலை விடப் பெருசுதான?"

"இதைச் சொல்லதுக்கா இத்தனை வருஷம் படிச்ச?" என்றாள் என் மனைவி.

மாமா பிரைமரிக்கு உடனே சம்மதித்தார். ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். "அதென்ன நம்மவா மட்டும்? பெங்காலிகளும் போடட்டும் ஓய். நாலு ஆத்துக்காராளும் தெனம் என் காபியைத்தான் குடிச்சிண்டிருக்கா."

மகள் முகத்தைச் சுளித்தாள். "அங்க சில மாநிலத்துல வெளியாளும் போடலாம் மாமா. ஆனா எதிர்க்கட்சிக்காரங்க வந்து, யாரு ஈஸியா தோப்பாங்களோ அவங்களுக்குப் போட்டுட்டுப் போயிருவாங்கன்னு ஒரு பயமும் உண்டு."

"அது அமெரிக்கா. இது லேக் மார்க்கெட்" என்றார் மாமா.

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. காரணம், என் மனைவி சுடும் உளுந்து வடைக்கு அந்த நான்கு வீட்டிலும் இருந்த மரியாதை.

அப்புறம் கட்டடத்தில் யாரும் மாலையில் சமைக்கவில்லை. இரண்டாம் மாடியில் காபி, மூன்றாம் மாடியில் வடை. காபி குடித்தவர்கள் வடைக்கு ஏறுவார்கள். வடை தின்றவர்கள் காபிக்கு இறங்குவார்கள். கடைக்கு வைத்திருந்த உளுந்து கரைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் எண்ணெயும் தீர்ந்தது.

"ஒங்க கட்சி படுத்துட்டுங்க" என்று மனைவி அடுப்பை அணைத்தாள்.

அந்த நேரம் பார்த்து பௌதி ஒரு டின் எண்ணெயோடு படியேறி வந்தார். "கடுகெண்ணெய் இல்லை, பயப்படாதே. வாசம் இல்லாத வெள்ளை எண்ணெய்தான்" என்று வைத்துவிட்டு, ஒரு வடைகூட எடுக்காமல் போனார். எதிர் வேட்பாளரின் மனைவி எனக்கு எண்ணெய் கொடுக்கிறார். என் செல்வாக்கை நினைத்து எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மறுநாள் மகள் மூச்சு வாங்க ஓடிவந்தாள். "அப்பா, காக்கிமா ரெண்டு கையிலயும் பால் பாக்கெட்டோட மாமா வீட்டுக்குப் போறாங்க. மாமா காபிக்கும் அவங்கதான் பாலு. நம்ம பல் டாக்டர் மாடிப்படி ஏறிப் போறாரு அப்பா." காக்கிமா என்றால் வங்காளத்தில் சித்தி, காக்கு என்றால் சித்தப்பா. பௌதியையும் தாதாவையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பிரைமரி நடந்தது. எனக்கு ஆறு ஓட்டு, மாமாவுக்கு மூன்று. நான்கு வங்காளி வீடும் எனக்கே போட்டிருந்தது. தாதா என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். வீட்டில் பாயசம் வைத்தோம். மகள் மட்டும் தொடவில்லை.

"காக்குவுமா ஒங்களுக்குப் போட்டாரு?"

"வடை, பாப்பா."

"அவரு நிக்கிற எலெக்‌ஷன்ல எதிர்ல நிக்க ஒங்களைத் தேர்ந்தெடுத்திருக்காரு. எதுக்குன்னு யோசிங்க அப்பா."

யோசித்தேன். பாயசத்தில் இனிப்பு குறைந்துகொண்டே வந்தது.

மாமா யோசிக்காமலே கண்டுபிடித்துவிட்டார். படியில் என்னை மறித்து, "என் காபியைக் குடிச்சுட்டு, உம்ம வடையையும் தின்னுட்டு, நான் நின்னா தோத்துடுவோம்னு பயந்து உம்மை நிறுத்தியிருக்கான். உமக்கு வெட்கமா இல்லையா?" என்றார்.

"நான் என்ன மாமா செஞ்சேன்?"

"ஜெயிச்சீரே, அது போறாதா?"

தேர்தல் ஞாயிறன்று மாமா, உறவினர் ஒருவரை ரயிலேற்ற ஹவுராவுக்குப் போய்விட்டார். எந்த உறவினர் என்று மாமிக்கே தெரியவில்லை. துணைக்கு, இன்னொரு தமிழர் வீட்டுக்காரரான தன் சீட்டாட்டத் தோழரையும் கூட்டிக்கொண்டு போனார். ஆக இரண்டு ஓட்டும் ஹவுராவில் நின்றன. தாதாவுக்கு நான்கு, எனக்கு மூன்று. அன்று மாலை நான் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இன்னொரு வருடம் அடிபம்பு.

மறுநாள் பௌதி எங்கள் சமையலறைக்கு வந்து, இரும்புப் பெட்டியின் சாவியை அம்மிக்கல் மேல் வைத்தார். அவர் வங்காளத்தில் பேசியதை நம் பேச்சில் தருகிறேன்.

"அவ்வளவு எண்ணெய் கொடுத்தும் உங்களுக்கு ஜெயிக்கத் தெரியலையே" என்றார். "இந்தாங்க. நாலு மணிக்கோ மூணு மணிக்கோ, இஷ்டம்போல போட்டுக்கோங்க. என் கதவை மட்டும் இனிமே யாரும் தட்டக் கூடாது."

மகள் மேஜையிலிருந்து எழுந்து வந்தாள். "காக்கிமா, ஏன் எங்களுக்கும் கொடுத்தீங்க, மாமாவுக்கும் கொடுத்தீங்க?"

"எங்க வீட்டு ஓட்டை உங்க காக்கு போடுவார். கதவை நான் திறப்பேன். எனக்கு ஓட்டு ஏது? எண்ணெய்தான் இருக்கு, பால்தான் இருக்கு. உங்கப்பா ஜெயிச்சா, சாவியை எடுத்துட்டுப் போங்கன்னு எண்ணெய் கொடுத்தவ சொல்லுவா. மாமா ஜெயிச்சா, பால் கொடுத்தவ சொல்லுவா. ரெண்டு பேரும் தோப்பீங்கன்னு நான் நினைக்கலை."

"பெறவு சாவி எப்படிக் கெடைச்சுது?" என்று மனைவி கேட்டாள்.

"நேத்து அவர் ஜெயிச்ச சந்தோஷத்துல மாலையைக்கூடக் கழட்டலை. சாவியை மேல கொடுத்துடவான்னு கேட்டேன். பதவியே நம்மகிட்ட இருக்கும்போது சாவி எதுக்குன்னுட்டார்."

மகள் மேஜைக்குப் போய் எழுத உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. பல் டாக்டர் விஷயம் தீர்ந்தது என்று என் மனைவி எனக்குச் சைகை காட்டினாள்.

அன்றிலிருந்து நாலரை மணிக்கு நான்தான் மோட்டார் போடுகிறேன். ஆனால் அந்த மோட்டார் இருப்பது தாதாவின் படுக்கை ஜன்னலுக்கு நேர் கீழே. இடிக்கு எழாதவர் மோட்டாருக்கு எழுகிறார். எழுந்தவருக்குக் காபி வேண்டும். நேரே இரண்டாம் மாடிக்கு ஏறி மாமா வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மாமா, என்னோடு பேசுவதில்லை என்ற வைராக்கியத்தை விட்டுக் கடைக்கே வந்தார்.

"ஓய், அடுத்த தடவை என் ஓட்டு உமக்குத்தான். அந்த மோட்டாரை ஏழு மணிக்குப் போடும்."

"நான் செக்ரட்டரி இல்லையே மாமா. தாதாகிட்ட கேளுங்க."

"கேட்டுட்டேன். சாவி தன்கிட்ட இல்லே, பௌதியைக் கேளுங்கறான்."

"அப்போ பௌதியைக் கேளுங்க."

"போனேன். அவனேதான் கதவைத் திறந்தான். அவ தூங்கறாளாம், எழுப்பக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டு, மாமா என் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு இட்லி கேட்டார்.