சாவி அக்கா கேட்ட பதினோரு பேர்

எங்கள் நிதி நிறுவனத்தில் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை சேவை நாள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-சர்ட் கொடுப்பார்கள். பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, மதியத்துக்குள் யாருக்காவது நல்லது செய்துவிட்டு வீடு திரும்பலாம். அந்த வருடம் எங்கள் முப்பது பேருக்கும் பார்வையற்ற பிள்ளைகளின் விடுதிப் பள்ளி வாய்த்தது. பெயின்ட் கையில் ஒட்டிவிடும் என்று பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, சுவர், கதவு, நடையோரக் கைப்பிடிக் கம்பி எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்தோம். கம்பி என் பொறுப்பு. அதில் அங்கங்கே ஒட்டியிருந்த தகரத் துண்டுகள் கரடுமுரடாக இருந்தன. பட்டி பூசித் தேய்த்து, அதன்மேல் இரண்டு பூச்சு அடித்து, வழவழவென்று ஆக்கினேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்தத் தகரத்தில் இருந்தவை புள்ளி எழுத்துகள். குளியலறை எது, வகுப்பு எது, படி எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகள் விரலால் படித்துக்கொள்ளும் பலகைகள். பார்வையற்றவர்கள் பள்ளிக்குப் போய் அவர்களுடைய கண்ணிலேயே பட்டி பூசிவிட்டு வந்தவன் நான். இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

அந்தப் பலகைகளைச் செய்தவர் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தத்தை வைத்தே பிள்ளைகள் அவரைக் கண்டுகொள்வதால் சாவி அக்கா. துணி துவைக்க மூன்று மாதத்துக்கு என்று வந்தவர் பத்தொன்பது வருடமாக அங்கேயே இருக்கிறார். படித்தது ஐந்தாவது வரை. அச்செழுத்து என்றால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். புள்ளி எழுத்தைப் பிள்ளைகளிடமே கற்றுக்கொண்டு, அதை மட்டும் கடகடவென்று வாசிப்பார். பிஸ்கட் டின்னை வெட்டி, ஆணியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தியிருக்கிறார். நாங்கள் போன அன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்து பார்த்தவர் மூன்று வாரம் பிளேடால் சுரண்டினார்.

அடுத்த வருடம் மறுபடியும் பெயின்டோடு வருவதாக எங்கள் அலுவலகத்திலிருந்து போன் போனது. மெத்தையும் கம்ப்யூட்டரும் கொடுக்கும் நிறுவனத்தின் மனம் கோணக் கூடாது என்று தலைமையாசிரியர் வாயே திறக்கவில்லை. அக்கா பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சேவைக் குழுவில் என் பெயர் இருந்ததால், பேசி அனுப்பிவிடும்படி என்னைத்தான் வரவேற்பறைக்கு அனுப்பினார்கள்.

பையிலிருந்து ஒரு தகரத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். பாதி சுரண்டியது, பாதி என் கைவண்ணம். யார் வேலை என்று அவர் கேட்கவில்லை. நானாகவே ஒப்புக்கொண்டேன்.

"சரி தம்பி, ஆனது ஆச்சு. எனக்குப் பெயின்ட் வேணாம். பதினோரு பேர் வேணும். பரீட்ச நடக்கிற நாலு நாளும் வேணும்."

பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களுக்குப் புள்ளி எழுத்து தெரியாது. ஆகவே கேள்வியைப் படித்துக் காட்டி, பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆள் வேண்டும். அந்த வருடம் எழுதப் போகிறவர்கள் பதினோரு பேர். போன வருடம் ஒரு பெண்ணுக்கு வர வேண்டியவர் வரவில்லை. அவள் மூன்று மணி நேரம் கேள்வித்தாளைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். இந்த முறையும் தேறவில்லை என்றால் படிப்பை நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிப்போவதாக அவளுடைய அண்ணன் சொல்லியிருந்தான்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். பரீட்சை வேலை நாட்களில் வருகிறது, சேவை நாள் சனிக்கிழமை, தேர்வறையில் படம் எடுக்கவும் விடமாட்டார்கள் என்று அடுக்கினார். யோசிப்பதாகச் சொல்லி அனுப்பச் சொன்னார். அக்கா மறுநாளும் வந்தார், சாப்பாட்டு டப்பாவோடு. மூன்றாம் நாளும் வந்தார். மேனேஜர் பின்வாசல் வழியாகப் போகத் தொடங்கினார். நான்காம் நாள் அக்கா பின்வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"படம்தான் குறைன்னா பரீட்ச முடிஞ்சப்புறம் எடுங்க சார். நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்றார்.

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலையே, நான்கு நாளையும் சேவை நாளாகவே கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. முதல் பெயர் என்னுடையது. மீதிப் பத்துப் பேரை மேஜை மேஜையாகப் போய்க் கெஞ்சிப் பிடித்தேன்.

பதினோரு பேரையும் விடுதி மெத்தைகளில் உட்கார வைத்து அக்கா பயிற்சி கொடுத்தார். கேள்வியை ஏற்ற இறக்கமில்லாமல் படிக்க வேண்டும். பிள்ளை யோசிக்கும்போது செருமக்கூடக் கூடாது. கடன் பிரிவு அதிகாரி ஒருவர் ஒத்திகையில் பிள்ளை சொன்ன வாக்கியத்தைக் கொஞ்சம் அழகுபடுத்தி எழுதினார். அவரை எழுப்பி வாசலுக்கு அனுப்பிவிட்டு அக்கா எங்களிடம் திரும்பினார்.

"அவங்க சொல்றத மட்டும் எழுதுங்க. தப்புன்னு தெரிஞ்சாலும் தப்பாவே எழுதுங்க."

அந்த அதிகாரி தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சேர்த்துக்கொண்டார்.

போன வருடம் வெறும் தாளைக் கொடுத்த பெண்ணுக்கே என்னைப் போட்டார்கள். மூன்று பரீட்சை நன்றாகப் போனது. கடைசி வரலாறு. ஒரு பெரிய கேள்விக்கு அவள் இரண்டு படையெடுப்புகளை முன்பின்னாக மாற்றிச் சொன்னாள். அவள் ஊருக்கு அனுப்பப்படுவதும் படிப்பதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. கேட்காமலே கேள்வியை இன்னொரு தடவை படித்தேன். எவ்வளவு அடக்கியும் குரல் ஓரிடத்தில் அழுந்திவிட்டது.

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அண்ணா, நீங்க படிச்ச விதத்துலயே தெரியுது. வேணாம். நான் சொன்னதையே எழுதுங்க."

எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் எழுதியதில்லை.

முடிவு வந்த அன்று வேலையைப் பாதியில் விட்டுவிட்டு விடுதிக்கு ஓடினேன். அவள் தேறியிருந்தாள். வரலாற்றில் மட்டும் குறைவு. அக்கா கம்பியில் புதுத் தகரம் ஒட்டிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வேறு எதுவும் கேட்காமல் முதலில் அந்த வரலாற்றுக் கேள்வியைப் பற்றித்தான் கேட்டார்; அவள் பரீட்சையன்றே அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

"அவ சொன்ன தப்பை அப்படியே எழுதினீங்களா?"

"எழுதினேன் அக்கா."

"அப்ப இது அவளே வாங்கின பாஸு" என்று சொல்லிவிட்டு, சாவிக்கொத்து குலுங்க, அவளைத் தேடி மாடிக்கு ஓடினார்.