கேன் தண்ணீர்ப் பிரஷ்கள்

எங்கள் ஆம்பூர் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் படுகிற பிரஷ்ஷை அதில் கழுவினால், காய்ந்ததும் துடைப்பம்தான். அதனால் என் மேக்கப் பிரஷ்களுக்கு மட்டும் கேன் தண்ணீர். சமையலுக்குக்கூடக் குழாய்த் தண்ணீர்தான். "மகாராணிங்க குளிச்சாச்சா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ஆனால் ஞாயிறுதோறும் தெருமுனைக் கடையிலிருந்து கேனைத் தோளில் சுமந்து வருவதும் அவர்தான்.

உள்ளங்கையில் குழந்தை ஷாம்பூவை ஊற்றி முடியின் நுனியை மட்டும் மெதுவாகச் சுழற்ற வேண்டும். தகரக் கழுத்துக்குள் ஈரம் இறங்கக்கூடாது. உள்ளே முடியைப் பிடித்திருக்கும் பசை விட்டுப்போனால் பிரஷ் மொட்டை. ஷூ கம்பெனியில் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் தடவிய வேலையை நான் விட்டது இந்தப் பிரஷ்களை நம்பித்தான். குளித்தாலும் போகாத அந்த வாடையிலிருந்து தப்பித்துவிட்டேன் என்று எவ்வளவு திமிர் எனக்கு!

பக்கத்துத் தெரு பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் காய்ச்சலில் விழுந்தேன். மூக்கடைப்பு வேறு. மாலையில் அதே ஷூ கம்பெனி வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரர், "நீ படுமே, நான் பாத்துக்கிறேன்" என்றார். எழுந்தபோது பிரஷ்களெல்லாம் பளிச்சென்று பையில் இருந்தன. மனசு குளிர்ந்துபோனது.

மறுநாள் அடைத்த மூக்கோடே போய்ப் பெண்ணின் கன்னத்தில் பிரஷ்ஷை வைத்தேன். முடி கொத்தாக வந்து கிரீமில் ஒட்டிக்கொண்டது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. "அக்கா, கண்ணு எரியுது" என்றாள் பெண். அவள் அம்மா குனிந்து மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? பொண்ணு மூஞ்சில ஷூ கம்பெனி வாடை அடிக்குது!"

யாரோ சிரித்தார்கள். முகத்தைக் கழுவிவிட்டு வேறு ஆளுக்குப் போன் போட்டார்கள். நான் பையைச் சுருட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டேன்.

"இன்னாத்துல கழுவுனீங்க?"

"தின்னர்லதான்மே. கம்பெனில சொல்யூஷன் பிரஷ்ஷ அதுலதானே ஊறப்போடுறோம்? சோப்புல கறை போவல. நீ காய்ச்சல்ல கஷ்டப்படுவியேன்னு திரும்ப கம்பெனிக்குப் போயி கொஞ்சம் எடுத்தாந்தேன்."

அடப்பாவி மனுஷா! கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். மொட்டைப் பிரஷ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, உதிர்ந்த முடியைத் திரும்பச் செருகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரிடம் எப்படிக் கத்துவது? அடுப்படிக்குப் போய் அழுதேன்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேசிவைத்திருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. புதுப் பிரஷ் வாங்கினாலும் யார் கூப்பிடப்போகிறார்கள்? இப்போது மறுபடி அதே கம்பெனி, அதே சொல்யூஷன். காலையில் ஒரே பஸ்ஸில் போகிறோம். நான் முன்னால் நிற்பேன், அவர் பின்னால். அந்த வாடை எனக்கு இப்போது தெரிவதுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் கேன் வருகிறது.

"எதுக்குங்க இது?"

"இருக்கட்டும்மே. யாராவது கூப்டாங்கன்னா?"

ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிடவும் மாட்டார்கள். அவர் குளிக்கப் போனதும் அந்தத் தண்ணீரில் உலை வைத்துவிடுகிறேன். சோறு நன்றாகத்தான் இருக்கிறது. எந்தத் தண்ணீர் என்று அவருக்கும் தெரியும். இரண்டு பேராலும் சாப்பிட முடிவதில்லை.