பதினான்காவது கட்டம்

அழகுபாண்டிக்கு என்ன வேலை என்று தல்லாகுளத்தில் நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். ஒருவர் ஓவியர் என்பார், இன்னொருவர் போர்டு எழுதுகிறவர் என்பார். டீக்கடைக்காரர் மட்டும் மறைக்காமல், சும்மா இருக்கிறார் என்றே சொல்லிவிடுவார். அவன் பார்த்தது ஸ்டோரிபோர்டு வேலை. கேமரா எங்கே நிற்கும், அதில் யார் எவ்வளவு தெரிவார்கள் என்று இயக்குநர் மனதில் இருக்கிற காட்சியைக் கட்டம் கட்டமாகத் தாளில் வரைந்து கொடுப்பது. பத்தொன்பது வருஷத்தில் பதினோரு படத்துக்கு வரைந்தான். என்ன கொடுமை பாருங்கள், பதினொன்றில் ஒன்றுகூடப் படமாக வரவில்லை. ஒரு தயாரிப்பாளர் பாதியில் கழன்றுகொண்டார், ஒரு நாயகன் கல்யாணம் பண்ணிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டான், மற்றவை கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போயின.

ஆனால் வேலையில் ஆள் சூரன், அதைச் சொல்லாவிட்டால் பாவம். கேமராவைத் தரையில் வைத்து அண்ணாந்து பார்த்தால் மூட்டை தூக்குகிறவனும் மலை மாதிரி நிற்பான், தலைக்கு மேலே ஏற்றிவிட்டால் கலெக்டரும் எறும்பாகிவிடுவார். இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தட்டு முன்னால் உட்கார்ந்தாலும் குழம்புக் கிண்ணத்துக்கு ஒரு குளோசப் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் மனைவி மீனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "சோத்தைப் பாத்துச் சாப்பிடுங்க, ஆங்கிள் பாத்ததெல்லாம் போதும்" என்பாள்.

மகள் தாமரைச்செல்வி பத்தாவது படிக்கிறாள். ஒருநாள் பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பா தொழில் சினிமா என்று எழுதிவிட்டாள். எந்தப் படம் என்று வகுப்பே கேட்டது. பிள்ளை என்ன சொல்லும்? வீட்டுக்கு வந்து, "அப்பா, அடுத்த தடவை வேற ஏதாவது எழுதிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஆசைதான். ஒரே ஒரு படத்தில் தன் பெயர் திரையில் வர வேண்டும், அதை அவள் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டாவதாக வந்த இயக்குநர் பத்ரி. தல்லாகுளத்து ஆபீஸ்காரர் வீட்டுப் பிள்ளை, முதல் படம், தயாரிப்பாளரும் நிஜமாகவே இருந்தார். கதையின் முடிவில் ஒரு ஊர்ச் சாமி ஊர்வலம். "எங்க ஊர்லயே எடுங்க தம்பி, நான் பேசுறேன்" என்று அழகுபாண்டிதான் வாயைக் கொடுத்தான். அவன் ஊர் எழுமலைக்குப் பக்கத்தில். சாமியின் துணிமணியும் ஆயுதமும் இருக்கிற பெட்டியை மாசியில் பூசாரி வீட்டிலிருந்து கோயிலுக்குத் தலையில் சுமந்து போவார்கள். இருபத்தாறு வருஷமாக அதைச் சுமப்பது அவனுடைய அண்ணன் நல்லகாமன்.

பத்ரி கேட்டதெல்லாம் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற ஷாட்டுகள்தான். பதினான்காவது கட்டம் மட்டும் அழகுபாண்டியின் சொந்தச் சரக்கு.

"இங்க டாப் ஆங்கிள் வைங்க தம்பி. தெரு பூரா தலை. நடுவுல பெட்டி மட்டும் போகுது. எம்புட்டு சனம் பாருங்க!"

பத்ரி எழுந்து அவனைக் கட்டிக்கொண்டான். "அண்ணே, படமே இந்த ஷாட்டுதாண்ணே. உங்க பேரைத் திரையில தனி கார்டாப் போடுறேன்."

படக் கம்பெனி மேனேஜர் போய் வாய்வார்த்தையாகக் கேட்டிருந்தால் ஊர் தலையாட்டியிருக்கும். இவனுக்குப் பெருமை தாங்கவில்லை. வரைந்த தாள்களையெல்லாம் அள்ளிக்கொண்டு ஊர் கூடுகிற மந்தைக்குப் போனான். ஒவ்வொன்றாகக் காட்டினான். கீழிருந்து பார்த்த கட்டங்களைக் கண்டு ஊரே வாயைப் பிளந்தது. "சாமி எம்புட்டு ஓங்கி நிக்குது பாத்தியா!" என்று ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பதினான்காவது தாளை வாங்கிய பூசாரி விருமாண்டி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கன நின்னு பாக்குறது, பாண்டி?"

"மேல இருந்துண்ணே. டிரோன்ல."

"சாமிக்கு மேலயா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பெட்டி வரும்போது அந்த ஊரில் ஒருத்தரும் உயரத்தில் நிற்கக் கூடாது. மாடியில் வற்றல் காயப்போடுகிறவள்கூட இறங்கிவிடுவாள். சாமியைக் குனிந்து பார்க்கிற கண் அங்கே கிடையாது. ஆறு வயதில் பெட்டி பார்க்க வேப்பமரத்தில் ஏறிய இவனை இழுத்து இறக்கி முதுகில் நாலு வைத்தவன் நல்லகாமனேதான். இது தெரியாத ஆளா அவன்? தெரியும், ஆனால் பென்சிலைப் பிடித்தபோது அது எங்கே போய்த் தொலைந்ததோ.

"ஆளு யாரும் ஏற மாட்டாங்கண்ணே. கேமரா மட்டும்தான் மேல போகும்."

"அப்ப படம் பாக்குறவன் எங்கன நிக்கிறான்?"

கேமரா நிற்கிற இடம்தான் பார்க்கிறவன் நிற்கிற இடம் என்று பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு இயக்குநரிடமும் படித்துப் படித்துச் சொன்னவனே அவன்தான். தாளை வாங்கி எல்லார் முன்னாலும் கிழித்தான். "கிழிச்சாப்புல ஆச்சா? நெனப்பு வந்துருச்சுல்ல?" என்று சொல்லிவிட்டு விருமாண்டி எழுந்து போனார். படப்பிடிப்புக்கு இடமில்லை என்று ஊர் முடிவு சொல்லிவிட்டது.

பத்ரி அசரவில்லை. வேறு மாவட்டத்தில் ஒரு தெருவைப் பிடித்து, துணை நடிகர்களை இறக்கி, தன்னிடமிருந்த நகலை வைத்துப் பதினான்காவது கட்டத்தை வரைந்தபடியே எடுத்துவிட்டான். சேதி எழுமலைப் பக்கம் வர எத்தனை நாளாகும்? அழகுபாண்டி பெயரோடு அந்தப் படம் வந்தால் நல்லகாமன் இனிமேல் பெட்டியைத் தொடக் கூடாது என்று ஊர் கூடிப் பேசியது.

நல்லகாமன் பஸ் பிடித்துத் தல்லாகுளம் வந்தான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை குட்டி கிடையாது. தம்பியை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால்கூடத் தேவலை.

"எனக்கு அது ஒண்ணுதானடா இருக்கு" என்றான். சாப்பிடச் சொல்லியும் கேட்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அழகுபாண்டி பத்ரிக்குப் போன் போட்டான்.

"தம்பி, அந்த டாப் ஆங்கிளை எடுத்துருங்க."

"அது போனா படமே போச்சேண்ணே!"

"அப்ப, என் பேரை எடுத்துருங்க."

ஏன் அண்ணே, என்ன ஆச்சு என்று கேட்பான், கொஞ்சமாவது மல்லுக்கு நிற்பான் என்று நினைத்தான்.

"சரிண்ணே, எடிட்டர்ட்டச் சொல்லிர்றேன்" என்று பத்ரி போனை வைத்துவிட்டான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. விஷயத்தைக் கேட்ட மீனா, "நல்லதுதான் பண்ணீங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படம் வருகிறது என்று மட்டும் மகளிடம் சொன்னார்கள்.

அவ்வளவு செய்தும் என்ன பிரயோசனம்? மாசிக்கு ஒரு வாரம் முன்னால் டிரெய்லர் வந்தது, அதில் அந்த ஷாட்டும் வந்தது. பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, யார் வரைந்தது என்று ஊருக்குத் தெரியாதா? அந்த மாசியில் பெட்டியை அதே ஊர் மொக்கையன் என்பவரின் மகன் சுமந்தான். நல்லகாமன் கூட்டத்தோடு கூட்டமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அடுத்த வருசம் பாக்கலாம். அதுவரைக்கும் ஒன் தம்பி, அதை நாந்தான் வரைஞ்சேன்னு சொல்லித் திரியாம வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்" என்று விருமாண்டி அவனிடம் சொல்லியனுப்பினார்.

படம் வெளியான வாரத்து ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குத் தாமரைச்செல்விதான் அடம்பிடித்து இருவரையும் இழுத்துப்போனாள். தொடக்கத்தில் பெயர்கள் ஓடியபோது திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசிப் பெயர் போன பிறகு அப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஊர்வலம் வந்தது. கேமரா கூரைக்கு மேலே, மரத்துக்கு மேலே எழும்பியது. தெரு முழுக்கத் தலைகள், நடுவில் பெட்டி மட்டும் நகர்ந்தது. அரங்கமே எழுந்து விசிலடித்தது. ஒரு கோடுகூட மாறாமல் எடுத்திருந்தார்கள்.

தாமரைச்செல்வி அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். "அப்பா, இது நீங்க வரைஞ்சதுதானே?"

ஆமாம் என்றால் சாயங்காலத்துக்குள் அவள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும், அவன் வாயைத் திறந்த சேதி நாளைக்கு எழுமலைக்குப் போய்விடும், அண்ணன் தலைக்குப் பெட்டி திரும்பவே வராது.

"இல்லத்தா" என்றான்.

அவள் உடனே நம்பிவிட்டாள்.