சாட்சி

மொன்ட்ரியாலில் எங்கள் ஆய்வகத்தின் அடித்தளத்தில், அயனிகளை வேகப்படுத்திப் பாய்ச்சும் இயந்திரம் இருந்தது. ரெஜான் திவியெர்ஜ் அதைப் பராமரித்தபடியே தன் ஆராய்ச்சியையும் நடத்திவந்தார். வடக்கே, அபிதிபி வட்டாரத்தின் ஒரு சுரங்க ஊரில் பிறந்தவர். தலை நரைத்த பிறகும் அவருக்கு நிரந்தர வேலை இல்லை. நிரந்தரமானவர்களின் பெயர் கதவில் பெயின்டால் எழுதப்பட்டிருக்கும். அவருடைய பெயர் காகிதத்தில் இருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஒப்பந்தம் நீண்டால் புதுக் காகிதம் ஒட்டுவார்கள்.

நான் அங்கே ஆராய்ச்சி மாணவி. மதிய உணவின்போது ரெஜான் மசித்த உருளைக்கிழங்கும் சோளமும் இறைச்சியும் அடுக்கிய டப்பாவைச் சூடாக்கிக்கொண்டே எங்கள் தலைவி கிஸ்லேனைச் சீண்டுவார்.

"இந்த வருஷமாச்சும் என் பேரு பெயின்ட்ல வருமா?"

"கட்டுரை வரட்டும், பெயின்ட் தானா வரும்."

"பிரஷ் என்கிட்ட இருக்கு. நீ சரின்னு மட்டும் சொல்லு."

அந்தக் கட்டுரைதான் எல்லாமே. முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய துத்தநாக சல்ஃபைடு கம்பிகளில் மாங்கனீசு அயனிகளைப் பாய்ச்சுவார். அயனி நுழையும் வேகத்தில் படிகத்தின் அணுவரிசை குலைந்துபோகும், கம்பி வளையும், இருந்த ஒளியும் அணையும். பிறகு உலையில் சூடாக்கினால் வரிசை மீண்டும் கூடி, மாங்கனீசு தன் இடத்தில் அமர்ந்து ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் என்பது அவர் கண்டது.

ஒப்பிட்டுப் பார்க்க, அயனி பாயாத கம்பிகளையும் வைத்திருப்பார். நாங்கள் அதைச் சாட்சி என்போம். சாட்சி ஒருபோதும் ஆரஞ்சாக ஒளிர்ந்ததில்லை. ஆனால் அது உலைக்குள் போனதுமில்லை. உலைக்கு எப்போதும் வரிசை நிற்கும். சும்மா இருக்கும் கம்பிக்கு இடம் ஒதுக்க யாருக்கும் மனம் வராது.

இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: சாட்சியைச் சூடாக்கிப் பார்த்தீர்களா?

ரெஜான் சிரித்தார். "அடியே படாதவனுக்கு எதுக்குக் கட்டு?"

"கேட்டா செஞ்சு காட்டு, ரெஜான்," என்றார் கிஸ்லேன். "ஒரே ஒரு தடவை உலையில வைக்கிறதுதானே."

ரெஜான் செய்து காட்டினார். லேசர் ஒளி விழுந்ததும் சாட்சி ஆரஞ்சாக ஒளிர்ந்தது.

"உலைக் குழாய்ல அழுக்கு," என்றார். "இத்தனை வருஷமா மாங்கனீசையே சுட்டிருக்கோம். ஒட்டிக்கிட்டிருக்கும்."

புதுக் குழாய் வரவழைத்தார். இரண்டு கம்பிகளையும் அருகருகே வைத்துச் சூடாக்கினார். திரையில் இரண்டு கோடுகள் எழுந்தன. உயரமான கோடு சாட்சியுடையது. அயனி பாய்ந்த கம்பி அதைவிட மங்கலாக இருந்தது. ஒளி மாங்கனீசினுடையது அல்ல. வெறும் சூடே அதைக் கொடுத்தது. அயனி செய்ததெல்லாம் சேதம்தான், அதுவும் முழுதாக ஆறவில்லை.

"இன்னொரு தடவை பாக்கலாமா?" என்றேன்.

"வேணாம்மா. பழைய கம்பி எல்லாத்துக்கும் இதே கதிதான்."

கட்டுரையைத் திரும்பப் பெற்றார். கிஸ்லேன் மேலிடத்தில் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. வசந்தம் வந்தது, புதுக் காகிதம் வரவில்லை.

கடைசி நாளில் ரெஜான் கதவின் பழைய காகிதத்தை நகத்தால் சுரண்டினார். பாதிதான் வந்தது.

"விட்டுடு, ரெஜான். ஆளுங்க சுத்தம் பண்ணிக்குவாங்க," என்றார் கிஸ்லேன்.

அவர் விடவில்லை. பசைத் தடத்தில் எச்சில் தொட்டுத் தேய்த்தபடியே நின்றார். கிஸ்லேன் உள்ளே போய்விட்டார். நான் அவருடைய மேல்கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.