வெலிங்டனுக்குப் போகவும் விசா வேணுமோ?

ஏவன்டேலில ஒரு டிராவல்ஸ் கடையில பிளேன் டிக்கெட் விக்கத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தனான். ஆனால் அந்தத் தொண்ணூறுகளில, விசா முத்திரையோடை மல்லுக்கட்டின உங்களை மாதிரி, என்னை மாதிரி ஆக்களுக்குத் தைரியம் விக்கிறதுதான் பெரிய வியாபாரமாப் போச்சு.

கேளாமலே காட்டினவர்

முருகேசன் மதுரைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஆபீஸ் இதே நாட்டுக்குள்ளை கிறைஸ்ட்சேர்ச்சுக்கு அனுப்புது, மனுசன் நடுங்குறார். பாஸ்போட்டில ஒட்டின விசாவுக்குத் தேதி முடிஞ்சுபோச்சாம். "விசா நாட்டுக்குள்ளை வாறதுக்கு. நீங்கள் வந்தாச்சு. இருந்து வேலை செய்யிறதுக்குப் பெர்மிட், அது அடுத்த வருசம் வரைக்கும் கிடக்கு. உள்ளூர்ப் பிளேனில உதொண்டும் பாக்க மாட்டினம்" எண்டு தொண்டைத்தண்ணி வத்தச் சொல்லி அனுப்பினன்.

ஏர்போட் கவுண்டரில நிண்ட பெட்டைக்கு, அவள் கேளாமலே பாஸ்போட்டை விரிச்சு நீட்டியிருக்கிறார். அவள் சிரிச்சுப்போட்டு டிக்கெட்டை மட்டும் வாங்கினாளாம். திரும்பி வந்து எனக்குச் சொன்னார்: "யாருமே செக் பண்ணலீங்க. தப்பான பிளேன்ல ஏறிட்டோமோன்னு இறங்குற வரைக்கும் பயந்துட்டே இருந்தேன்."

சிவநேசனின்ரை பஸ் டிக்கெட்

சிவநேசன் எங்கடை யாழ்ப்பாணத்துப் பெடியன், சாப்பாட்டுக்கடைக் குசினியில வேலை. ஒருநாள் காலமை நான் கடை திறக்கேக்கை வாசலில நிக்கிறான். மனுசி வேலையெண்டு வெலிங்டனில இருந்தவள். தலைப்பிரசவம், நாளுக்கு முதலே வலி கண்டு ஆஸ்பத்திரியில கிடக்கிறாள், பக்கத்தில ஒரு சொந்தமும் இல்லை. இவர் கேக்கிறார் பஸ் டிக்கெட்!

"உனக்கென்ன விசரே? பஸ் போய்ச்சேர இருட்டிப்போம். பிளேனில ஒரு மணித்தியாலம்" எண்டு கத்திப்போட்டன். அவனும் விசா முடிஞ்ச கதையைத்தான் சொன்னான். பாத்தன், பெர்மிட் நல்லாத்தான் இருந்தது. சொல்லியும் நம்பேல்லை. சொந்த நாட்டுக்குள்ளையே கொழும்புக்குப் போக, ஆமிக்காரனிட்டைப் பாஸ் எடுக்க வவுனியாவில நாள்கணக்கா வரிசையில நிண்டவன், சும்மா ஏறிப்போகலாமெண்டால் எப்பிடி நம்புவான்? கடைசியில தலையாட்டினான். பிறகு கேட்டான்: "சரி அக்கா, பிளேனிலயே போறன். பாஸ் எங்கை எடுக்கிறது?"

சீருடைக்காரன்

கடையைப் பூட்டிப்போட்டு நானே காரில கொண்டுபோனன். பை சோதிக்கிற இடத்தில சீருடையோடை ஒருத்தன் நிண்டான். அவ்வளவுதான், சிவநேசன் சுவரோடை ஒட்டிட்டான். கடைசி அழைப்பும் சொல்லியாச்சு. கையைப் பிடிச்சு இழுத்தன், அசையேல்லை. எனக்குக் கோவமும் அழுகையும் ஒண்டா வந்துது. "அங்கை அவள் தனியக் கிடந்து கத்திறாள், நீ இஞ்சை இவனைப் பாத்துக்கொண்டு நிக்கிறியே! போடா!" எண்டு முதுகில கைவைச்சுத் தள்ளினன். சீருடைக்காரன் பையைப் பாத்தான், "குட் டே மேட்" எண்டான், விட்டான்.

பின்னேரம் போன் வந்தது. பின்னாலை குழந்தை வீரிட்டு அழுகுது. அவனும் அழுதுகொண்டுதான் கதைச்சான்: "அக்கா, பெட்டைப்பிள்ளை. நான் வந்த பிறகுதான் பிறந்தவள். இவள் இந்த நாட்டில ஒருத்தரையும் கேளாமல் எங்கையும் போகலாம், என்ன அக்கா?"

இத்தனை வருசம் டிக்கெட் வித்ததில, பறக்கப் பயந்த ஒரு தமிழரையும் நான் காணேல்லை. எங்கடை பயமெல்லாம் சோதனை வரிசையில நிக்கத்தான்.